கம்பிக்கார மிக்கேலின் மீசை

மீசை மட்டும் இருந்திருந்தால் எனக்கும் ஒரு சர்டிபிகேட் கிடைத்திருக்கும் என்று அன்னாள் நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. வில்லேஜ் ஆபீஸில் வாய்விட்டுச் சொல்வதற்கென்று தனி ஜன்னல் இருந்தது. அது பதினொரு மணிக்குத்தான் திறக்கும்.

எதிர்ச் சுவரில் அவள் முகம் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய நெற்றி, சற்றே கோணிய மூக்கு, சின்ன வயதில் கொழுந்துக் கூடையின் கம்பி கிழித்த புருவத் தழும்பு, எல்லாம் இருந்தன. மூக்குக்குக் கீழே மட்டும் வேறு ஆள். அங்கே ஒரு மீசை, வலது பக்கம் மேலே முறுக்கிக்கொண்டும் இடது பக்கம் கீழே தொங்கிக்கொண்டும் இருந்தது. அதற்கடியில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தார்கள்: 'நம் மண்ணின் மைந்தர். கம்பியில்லாத் தகவலின் தந்தை. ஓடைமேடு மிக்கேல். 1927-லேயே!'

அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் வில்லேஜ் ஆபீசர் இந்து, 1950-க்கு முன்னால் அன்னாளின் குடும்பம் இந்த ஊரில் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று மூன்றாவது முறையாகக் கேட்டார்.

அன்னாளின் மகள் சோனாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஒதுக்கீட்டு இடம். ஜூன் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் சாதிச் சான்றிதழ் காட்டவேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். சாதிச் சான்றிதழுக்கு, 1950-க்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் குடியிருந்ததாக ஒரு காகிதம் வேண்டும். தேயிலைக் காட்டில் மூன்று தலைமுறை உழைத்தவர்களிடம் இடுப்பு வலி இருந்தது, காகிதம் இல்லை. வீடு எஸ்டேட்டுடையது. நிலம் எஸ்டேட்டுடையது. செத்தால் படுக்கிற ஆறடி கோயிலுடையது.

மிக்கேல் அவளுடைய அப்பாவைப் பெற்றவர். அன்னாள் அவரைப் பார்த்ததில்லை. அவரைப் பற்றி வீட்டில் பெருமையாக யாரும் பேசியதுமில்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து கங்காணியோடு மலையேறி வந்தவர், கொஞ்ச நாள் பாலக்காட்டு ரயில் நிலையத்தில் தந்தி அறையைக் கூட்டிப் பெருக்கியவர், பிறகு இடுக்கி மலையில் ஓடைமேடு எஸ்டேட்டில் டெலிபோன் கம்பி கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தவர். துரையின் பங்களாவுக்கும் பாக்டரிக்கும் நடுவே ஓடிய அந்தக் கம்பியை வாரம் ஒரு முறை யானை இழுத்துப்போடும். மிக்கேல் திரும்பக் கட்டுவார். யானை திரும்ப இழுக்கும். இரண்டு வருஷம் இப்படிப் போனபின், யானையோடு மல்லுக்கட்டுவதைவிடக் கம்பியே இல்லாமல் செய்துவிடுவது நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய தீப்பொறிச் சுருள், தேயிலைப் பெட்டியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஈயத்தாள், ஓடையில் பொறுக்கிய கறுப்புக் கல், சவுக்கு மரத்தில் கட்டிய கம்பி. இவற்றை ஒரு தேயிலைப் பெட்டியோடு இணைத்து, மேல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து தட்டினால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கீழ் லயத்தில் இருந்த மச்சானின் காதில் கேட்டது. பேச்சு கேட்காது, தட்டு மட்டும்தான். ஒரு தட்டு என்றால் துரை வருகிறார். இரண்டு தட்டு என்றால் யாருக்கோ காய்ச்சல். மூன்று தட்டு என்றால் அரிசி வரவில்லை.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் மூன்று தட்டுதான் போயிற்று.

துரைக்குத் தெரிந்தது. பெட்டியைப் பிரிக்கச் சொன்னார், மிக்கேலைக் கம்பி வேலையிலிருந்து நிறுத்திக் களை வெட்டுக்கு அனுப்பினார். பிரிக்காமல் ஒளித்துவைத்த பெட்டி மட்டும் வீட்டில் மிஞ்சியது. அதில் அன்னாள் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். சோனா நுழைவுத் தேர்வுக்குப் படித்தபோது வெங்காயத்தை எடுத்துவிட்டு உயிரியல் புத்தகங்களை வைத்தார்கள்.

இவ்வளவும் ஜனவரி மாதம்வரை யாருக்கும் தேவைப்படாத செய்தி.

ஜனவரியில் சீமையில் இறந்துபோன ஒரு துரையின் பெட்டியிலிருந்து கடிதம் ஒன்று கிடைத்தது. 'கம்பிக்காரன் மிக்கேல் என்பவன் கம்பியில்லாமல் செய்தி அனுப்புகிறான். இது வழக்கமாகிவிட்டால் நல்லதல்ல. அவனை வேலையிலிருந்து நிறுத்தவும்' என்று 1927-இல் எழுதிய கடிதம். பத்திரிகையில் வந்தது. உடனே அரசு 'கம்பியில்லா முன்னோடிகள் மரபு ஆணையம்' என்று ஒன்றை அமைத்தது. முன்னோடிகள் என்று பன்மையில் வைத்துவிட்டதால் இன்னொருவரைத் தேடுவதற்கு ஓர் உபகுழுவும் அமைக்கப்பட்டது. அது இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறது.

ஆணையத்தின் சேர்மன் நாச்சிமுத்து கிழக்குப் பாலக்காட்டுக்காரர். தேர்தலில் இரண்டு முறை தோற்றவர், அதனால் ஏதாவது ஒன்றுக்குச் சேர்மனாக்கியே தீரவேண்டிய நிலையில் இருந்தவர். நான்கு ஜீப்பில் ஓடைமேட்டுக்கு வந்திறங்கினார். லயத்து வாசலில் நின்றபடியே பேசத் தொடங்கிவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, நானொண்ணு மனசு விட்டுச் சொல்றனுங்க. இந்த ரேடியோவப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாதுங்க. அதனாலதான் என்னைய இதுக்குப் போட்டாங்க. தெரிஞ்சவன போட்டா ஒரு பக்கமாச் சாஞ்சுருவான் பாருங்க."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அன்னாளுக்குக் கை தட்டுவதா, நாற்காலி கேட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவதா என்று தெரியவில்லை.

"உங்க பாட்டனார் போட்டோ இருக்குதுங்களா?"

"இல்ல சார். போட்டோ எடுக்கற வசதில்லாம் அவுகளுக்கு ஏது?"

சேர்மன் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, "ஜிஜோ, அம்மிணிய ஒரு படம் புடிச்சுக்க" என்றார்.

ஜிஜோ ஆணையத்தின் ஒப்பந்த ஊழியன். அதே ஓடைமேட்டுக் கீழ் லயத்துக்காரன், முப்பத்தைந்து வயது, எம்.ஏ. படித்துவிட்டு வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டிருப்பவன். படம் பிடித்துவிட்டு அன்னாளின் காதோரம் சொன்னான்: "அக்கா, தப்பா நினைக்காதீக. கம்ப்யூட்டர்ல மீசை வச்சுருவாக."

வைத்தார்கள். ஆனால் அது எளிதில் நடக்கவில்லை. மிக்கேல் தந்தி அறையைப் பெருக்கியது பாலக்காட்டில் என்பதால் அவருக்குப் பாலக்காட்டு மீசை வேண்டும் என்றார்கள் அந்த மாவட்டத்து உறுப்பினர்கள். கண்டுபிடித்தது இங்கே என்பதால் மலைக்காரன் மீசைதான் என்றார்கள் இடுக்கிக்காரர்கள். மீசை உபகுழு ஐந்து முறை கூடியது. அகளியில் ஒரு முறையும் காந்தலூரில் ஒரு முறையும் வெளியூர் அமர்வு நடந்தது. காந்தலூர் அமர்வில் உறுப்பினர்கள் ஆப்பிள் தோட்டத்தைப் பார்வையிட்டார்கள். கடைசியில் வலப்பக்கம் பாலக்காட்டுக்கும் இடப்பக்கம் இடுக்கிக்கும் கொடுப்பதென்று ஏகமனதாக முடிவாயிற்று. அவர் திருநெல்வேலியிலிருந்து வந்தவர் என்று அன்னாள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அதை நிகழ்ச்சிக் குறிப்பில் சேர்க்கவேண்டாம் என்று சேர்மன் கேட்டுக்கொண்டார். மண்ணின் மைந்தர் என்று அச்சடித்தாகிவிட்டது.

தட்டுக்களிலும் ஒரு திருத்தம் வந்தது.

"மூணு தட்டுன்னா அரிசி வரலைன்னு இருக்குதுங்களே, அது நல்லால்லீங்க" என்றார் சேர்மன். "அரிசி வரலைன்னா யாருக்கு வரல, யாரு அனுப்பலைன்னு கேள்வி மேல கேள்வி வருமுங்க. மூணு தட்டுன்னா 'அனைவரும் நலம்'னு மாத்தியிருக்கறோம். நலம்னு சொல்லிப்போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க பாருங்க."

அன்னாளுக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடிதம் 1927-இல் எழுதியது. 1950-க்கு முன்னால் வருவது 1927. வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் குடும்பத்தின் பெயர் ஒரு காகிதத்தில் இருக்கிறது. தாத்தா தட்டிய தட்டு நூறு வருஷம் கழித்துச் சோனாவுக்காக வந்து சேர்ந்திருக்கிறது என்று ஒரு நாள் ஜெபம் முடிந்து எழும்போது அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதுதான் தப்பு. அதன்பிறகு அவளால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு மூன்று முறை வில்லேஜ் ஆபீஸுக்கு வந்துவிட்டாள்.

முதல் முறை இந்து நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சேச்சி, இதுல மிக்கேல்னு மட்டுந்தான் உண்டு. எந்த மிக்கேல்?" என்றார். அன்னாள் சுவரைக் காட்டினாள். படத்தை அப்போதுதான் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். இந்து திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆ, அது கல்ச்சர் டிபார்ட்மென்ட் மிக்கேல். எனக்கு ரெவின்யூ டிபார்ட்மென்ட் மிக்கேல் வேணும்" என்றார்.

இரண்டாம் முறை, கடிதத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லியிருப்பதால், அதன்பின் அவர் இங்கே குடியிருந்தார் என்பதற்கு அதே கடிதமே எதிரான சாட்சி என்று விளக்கினார். கெட்ட மனுஷி இல்லை. சொல்லும்போது ஒரு கிளாஸ் கட்டன் சாயாவும் வாங்கிக் கொடுத்தார்.

இது மூன்றாம் முறை.

"மேடம், அந்தப் படத்த ஒரு தடவ பாருங்க. என்னையும் பாருங்க."

இந்து இருவரையும் பார்த்தார். நிதானமாகவே பார்த்தார். "சாயல் நல்லாவே உண்டு சேச்சி. மீசை இல்லன்னா நீங்கதான். பக்ஷே சாயலுக்கு இந்த ஃபாரத்துல கட்டம் இல்ல."

"அது என் போட்டோதான் மேடம். அதுலதான் வரஞ்சாக."

"அப்போ அது அவர் படமே இல்லல்லோ?" இந்துவின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. "சேச்சி, இத வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. நாளைக்கு ஆடிட் வந்தா பிரச்சினை ஆகும்."

வெளியே வந்த அன்னாள் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அவமானமாக இல்லை. அவமானப்படுவதற்கும் ஓர் ஆள் இருக்கவேண்டும், தான் இருக்கிறோமா என்றே அவளுக்கு அந்த நேரத்தில் சந்தேகமாக இருந்தது.

ஒரு வழி பாக்கியிருந்தது. ஆணையமே ஒரு காகிதம் கொடுத்துவிட்டால்? ஜிஜோவிடம் கெஞ்சி, சேர்மன் அடுத்தமுறை வந்தபோது நேரில் கேட்டாள்.

"அம்மிணி, உங்கள எனக்குத் தெரியுமுங்க. அரசாங்கத்துக்கும் தெரியுமுங்க. ஆனா தனக்குத் தெரியும்னு அரசாங்கம் எழுதிக் குடுக்கறது வேற டிபார்ட்மெண்டுங்க. நாங்க பாராட்டறதோட சரி."

"பிள்ள படிப்பு சார். முப்பதாந் தேதிக்குள்ள வேணும்."

சேர்மனின் கண் கலங்கிவிட்டது. அவருக்கு எளிதில் கலங்கும். "மிக்கேலய்யா கொள்ளுப்பேத்தி நர்சாகப் போறதா? இத விழா மலர்ல போட்டே ஆகோணுமுங்க. ஜிஜோ, எழுதிக்க." பிறகு அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னிறத்தில் 'மரபு வாரிசு' என்று பொறித்திருந்தது. அன்னாள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜீப் பிடித்து வில்லேஜ் ஆபீஸுக்குப் போனாள். இந்து அதைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் சின்ன எழுத்தில், 'அலங்காரத்துக்கு மட்டும்' என்றிருந்தது.

இதற்கிடையில் சிலை வந்தது. எங்கே வைப்பது என்று இடத்தேர்வு உபகுழு ஓடைமேடு முழுவதும் சுற்றியது. உறுப்பினர் ஒருவர் ஒரு பாறைமேல் ஏறி நின்றபோது அவருடைய போன் அடித்தது. கம்பியில்லாத் தகவலின் தந்தையே இடத்தைக் காட்டிவிட்டார் என்று எல்லோரும் மெய்சிலிர்த்தார்கள். அது ரேஞ்ச் பாறை. ஓடைமேட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம். ஆஸ்பத்திரிக்கு ஜீப் கூப்பிடவும், ரேஷன் கடைக்கு ஓ.டி.பி. வாங்கவும், திருப்பூரில் இருக்கிற புருஷனோடு சண்டை போடவும் நூற்றிருபது குடும்பமும் அதில்தான் ஏறி நிற்கும். அங்கே சிலையை நிறுத்தி, சிலைக்குச் சேதம் வராமலிருக்கச் சுற்றிலும் ஆளுயரக் கம்பிவேலி போட்டார்கள். வாசலுக்குப் பூட்டும் போட்டார்கள். சாவி பாலக்காட்டில் இருந்தது.

முப்பதாம் தேதி மதியம் இந்துவின் கையெழுத்தோடு கடிதம் வந்தது. சோனாதான் படித்தாள். 'மேற்படி மிக்கேல் என்பவருக்கும் விண்ணப்பதாரருக்கும் உறவு உள்ளதாக நிறுவ எவ்வித ஆதாரமும் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

கல்லூரிக்குப் போன் செய்து இரண்டு நாள் தவணை கேட்கலாம் என்று அம்மாவும் மகளும் பாறைக்கு ஓடினார்கள். வேலிக்கு வெளியே நின்று, கம்பி இடுக்கில் கையை விட்டு, போனை எட்டின மட்டும் உயரப் பிடித்தாள் சோனா. ஒரு கோடு வந்தது. போயிற்று. வந்தது. உள்ளே மிக்கேல், அன்னாளின் முகத்தோடு, காதில் ஒரு குழாயை வைத்துக்கொண்டு எதையோ கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து மணி ஆயிற்று. பாக்டரிச் சங்கு ஊதியது.

"விடும்மா" என்றாள் சோனா. "வேலை கேட்டா களைவெட்டுக்கு எடுப்பாகளான்னு நாளைக்கு சூப்பர்வைசர்ட்ட கேக்கேன்."

"ஏட்டி, வாய மூடு."

"எதுக்கு மூடணும்? மிக்கேல் தாத்தா பாத்த வேலைதான?"

வீட்டுக்கு வந்ததும் சோனா தேயிலைப் பெட்டியிலிருந்து உயிரியல் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். வாசலில் கிடந்த வெங்காயத்தைக் கொண்டுவந்து அதில் கொட்டினாள். அன்னாள் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டாள். வெங்காயம் விழுகிற சத்தம் கேட்டு முடியும்வரை திரும்பவில்லை.

அதிலிருந்து ஆறாம் நாள் மிக்கேலுக்கு விழா. பாறைக்குக் கீழே பந்தல். மேலிடத்திலிருந்து வரவேண்டியவர் வரவில்லை. குரல் வாழ்த்து அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள், ஆனால் ரேஞ்ச் கிடைக்காததால் அதை இறக்க முடியவில்லை. முன்வரிசையில் இந்து உட்கார்ந்திருந்தார். அன்னாளுக்கு மேடையில் நாற்காலி. சோனா வரவில்லை. அன்று அவளுக்குக் களைவெட்டில் முதல் நாள்.

சேர்மன் மைக்கைப் பிடித்தார். "மிக்கேலய்யா எதுக்குங்க கம்பிய வேண்டாம்னாரு? கம்பி மனுசன மனுசங்கிட்டயிருந்து பிரிக்குதுங்க! அதனாலதான்!" அப்போது அவர் கண் பந்தலைத் தாண்டி மேலே போனது. பாறையைச் சுற்றி வேலி நெடுக முப்பது நாற்பது பேர் கம்பி இடுக்கில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அன்று ஓ.டி.பி. வந்தால்தான் அரிசி. "பாருங்க! பாருங்க அங்க!" சேர்மனின் குரல் உடைந்தது. "நாம கூப்புடல. அவங்களா வந்து கை நீட்டி வணங்கறாங்க! ஒரு கண்டுபிடிப்பாளனுக்கு இதவிட என்னங்க வேணும்!"

கைதட்டல் ஓய்ந்ததும் ஜிஜோ ஒரு படிவத்தையும் பேனாவையும் அன்னாளின் முன்னால் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா, பெட்டிய மியூசியத்துக்குக் குடுக்க சம்மதம். இங்க ஒரு கையெழுத்து. அப்புறம் மேசமேல இருக்கற அந்தச் சுவிட்சுல 'அனைவரும் நலம்'னு மூணு தட்டு. அவ்வளவுதான்க்கா."

அன்னாள் படித்தாள். 'மிக்கேல் அவர்களின் பேத்தியும் ஒரே சட்டபூர்வ வாரிசுமாகிய நான்…'

கொடுப்பதற்கு வாரிசு வேண்டியிருக்கிறது என்று அவள் மனம் மெல்லச் சொல்லிற்று. கோபம் வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை வாசகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. 'அந்த மனுஷனை அறியேன்' என்று பேதுரு தன் குருவை மறுதலித்தது பயத்தில். அவன் கையில் சர்க்கார் காகிதம் எதுவும் இல்லை.

பையிலிருந்து நான்காக மடித்த இந்துவின் கடிதத்தை எடுத்து விரித்து, படிவத்தின் பக்கத்தில் வைத்தாள். கீழே இந்து தன் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்.

"இதென்னங்க அம்மிணி?" சேர்மன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"நான் அவுகளுக்கு யாருமில்ல சார். எழுதிக் குடுத்திருக்காக."

சேர்மன் படித்தார். இரண்டு முறை படித்தார். அவர் முகம் தெளிந்தது. "அட, இது ரெவின்யூங்க! அது கெடக்கட்டும். நாம கல்ச்சர். இங்க நீங்க வாரிசுதானுங்க. ஒரே ஒரு கையெழுத்து. ஜனங்க பாத்துட்டிருக்காங்க அம்மிணி."

அன்னாள் தலையைத் தூக்கினாள். மேலே பாறையில் தன் முகம் காதில் குழாயை வைத்துக்கொண்டு காத்திருந்தது. அதைச் சுற்றி நீட்டிய கைகளில் இன்னும் ஒரு போன்கூட அடிக்கவில்லை.

"இல்ல சார்" என்றாள். அடுத்த நாற்காலிக்குக்கூடக் கேட்காத குரல். "நான் போடல."

பேனாவுக்கு மூடியைப் போட்டு, படிவத்தின் மேல் உருளாமல் வைத்தாள்.